வன்னி மாரியும் உறக்கப்பையும்

உணவுக்காகவும் உடைக்காகவும் மனிதன் பட்ட பாடுகளைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். உறக்கத்துக்காக அவன் பட்ட பாட்டைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. கூரையும் சுவரும் கட்டிலும் வாய்த்த வாழ்வில், விளக்கை அணைத்தால் உறக்கம் தானாகவே வந்து சேரும் என்று எண்ணிவிடுகின்றோம். மழை பெய்யும் இரவொன்றை வெளியிற் கழிக்க நேர்ந்தவனே, உறக்கத்துக்கும் ஓர் ஆயத்தம் வேண்டும் என்பதை உணர்கின்றான். விடியும்வரை கண்விழித்திருந்தவனால் மறுநாள் மண்வெட்டி பிடிக்கவும் முடியாது. ஏடு புரட்டவும் முடியாது. ஆதலின் நனையாமல் உறங்குவது எவ்வாறு என்னும் வினா சிறியதொன்றன்று.

இவ்வினாவை என்முன் வைத்தவர்கள் எமது மாணவர்கள். முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய பகுதியில், மார்கழி மாதத்தில் நான்கு இரவுகள் தங்கி, வாய்க்கால்களின் நீரோட்டத்தையும் குளத்துக்கு வந்து சேரும் பறவைகளையும் அவதானிக்க அவர்கள் திட்டமிட்டிருந்தனர். கூடாரம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. படுப்பதற்கு ‘சிலீப்பிங் பாக்’ எனப்படும் உறக்கப்பைகளை வாங்கவேண்டியிருந்தது. மூன்று வகையானவற்றின் விபரங்களை எழுதிக் கொண்டுவந்து, “சேர், மழைக்கு இதில எது நல்லது?” என்று கேட்டனர். ஒன்று, வாத்திறகு நிரப்பியது. மாணவர் ஒருவரின் சிற்றப்பா சுவிற்சர்லாந்திலே பயன்படுத்தியது. மற்றொன்று, செயற்கை நார் நிரப்பியது. மூன்றாவது, ஒரு துளி நீரும் புகாது என்ற உறுதிமொழியுடன் விற்கப்படுவது. மூன்றாவதையே அவர்கள் பெரிதும் விரும்பினர் என்பது அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. முத்தையன்கட்டின் கீழே வயல் செய்த குடும்பமொன்றிற் பிறந்தவன் நான். ஆதலின் அவ்வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடையளிக்க எனக்கு மனம் வரவில்லை. இக்கட்டுரை அவ்விடையின் விரிவு எனலாம்.

உறக்கப்பை குளிர்நாட்டவரின் தேவையிற் பிறந்தது. 1861ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் ரக்கெற் என்னும் ஆங்கிலேய மலையேறி, அல்ப்ஸ் மலைகளில் இரவுகளைக் கழிப்பதற்காகப் பை வடிவிலான படுக்கையொன்றைச் செய்து பரீட்சித்தார். கம்பளித் துணியாலான அப்படுக்கையில், நிலத்திற் படும் பக்கத்துக்கு மாத்திரம் றப்பர் பூசிய துணி வைக்கப்பட்டது. 1876இல் வேல்ஸ் நாட்டு வணிகரான பிறைஸ்-ஜோன்ஸ் என்பவர், மடித்துப் பூட்டக்கூடிய கம்பளப் படுக்கையொன்றுக்குக் காப்புரிமை பெற்று, அதனை ரஷ்யப் படைக்குப் பெருந்தொகையில் விற்றார். நீர் புகாத துணியின் வரலாறு இதனினும் முந்தியது. கிளாஸ்கோ நகரத்து இரசாயனவியலாளரான சார்ள்ஸ் மகின்ரொஷ், இரு துணிகளுக்கிடையே கரைத்த றப்பரைப் பூசி ஒட்டும் முறைக்கு 1823இற் காப்புரிமை பெற்றார். அத்துணியாலான மேலங்கி மழையைத் தடுத்தது. அணிந்தவரின் வியர்வையையும் உள்ளேயே தடுத்து வைத்தது. வெளியீரத்தைத் தடுக்கும் உறை உள்ளீரத்தையும் சிறைப்படுத்தும் என்னும் இச்சிக்கல் அன்று தொடக்கம் இன்றுவரை தொடர்ந்து வருகின்றது.

அச்சிக்கல் எவ்வளவு பெரியது என்பதை உலகின் தென்கோடியில் நிகழ்ந்த ஒரு பயணம் காட்டும். 1911ஆம் ஆண்டு அந்தாட்டிக்காவின் குளிர்கால இருளில், ஸ்கொற் குழுவினைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-கராட் ஆகிய மூவர் பென்குயின் முட்டைகளைத் தேடி ஐந்து வாரங்கள் நடந்தனர். அவர்கள் உறங்கியது கலைமான் தோற்பைகளில். ஒவ்வோர் இரவும் அவர்களது மூச்சும் வியர்வையும் பைக்குள்ளே உறைந்து பனிக்கட்டியாயின. புறப்படும்போது 18 இறாத்தல் எடையிருந்த செரி-கராட்டின் படுக்கை, திரும்பி வந்தபோது 45 இறாத்தல் எடையுடையதாயிருந்தது. அக்குளிர்கால இருளில் அங்கு மழை பெய்வதில்லை. கூடிய அவ்வெடை பெரும்பாலும் உறங்கியவனின் உடலிலிருந்தே வந்த நீராகும்.

இனி வன்னியின் மாரியை நோக்குவோம். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மாவட்டங்கள் உலர்வலயத்திலே அமைந்தவை. ‘உலர்’ என்னும் அப்பெயரைக் கேட்டு ஏமாறுதல் கூடாது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலான சில கிழமைகளுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. ஐப்பசியில் மாலைவேளைகளில் இடியுடன் பெய்யும் மழை, கார்த்திகையிலும் மார்கழியிலும் வாடைக்காற்றுடன் இரவும் பகலும் நீளும் அடைமழையாக மாறும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் தோன்றினால் குளங்கள் ஓரிரு நாட்களில் நிரம்பி வான் பாயும். காட்டுமண் ஊறி, மிதித்த இடமெல்லாம் நீர் கசியும். ஆயினும் அக்காலத்திலும் இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே செல்வது அரிது. இங்கு மனிதனை வருத்துவது பனிக்குளிரன்று, ஈரம். இந்த வேறுபாட்டை மனங்கொள்ளாமல் உறக்கப்பையொன்றைத் தெரிவு செய்பவர், அல்ப்ஸ் மலைக்குரிய மருந்தை வன்னி நோய்க்கு உண்பவராவார்.

வெளியில் உறங்குபவனிடம் ஈரம் மூன்று வழிகளால் வந்து சேர்கின்றது. மேலிருந்து மழையாக வருவது முதல்வழி. அதனைக் கண்ணாற் காண்கின்றோம். ஆகவே அதற்கே பெரிதும் அஞ்சுகின்றோம். கீழிருந்து நிலத்தீரமாக வருவது இரண்டாம் வழி. படுத்தவனின் உடற்பாரம் அழுத்துமிடத்திலே ஈரம் துணியினூடாக மேலேறும். நீர் வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் காற்றினதைவிட இருபது மடங்குக்கும் மேற்பட்டது. ஆகவே நனைந்த நிலத்திற் படுத்தவனின் உடற்சூடு இரவு முழுவதும் மண்ணுக்குள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். மூன்றாம் வழி உள்ளிருந்து வருவது. உறங்கும் ஒருவர் ஓர் இரவில் தோலினாலும் மூச்சினாலும் ஏறத்தாழக் கால் லீற்றர் நீரை ஆவியாக வெளியேற்றுகின்றார். வெக்கையாயின் இவ்வளவு மேலும் கூடும். வெளியேற வழியில்லாத பைக்குள்ளே அந்த ஆவி நீராகப் படிந்து துணியை நனைக்கும். அடைத்த பொலித்தீன் போன்ற பைக்குள் ஒருவர் உறங்கி எழுந்தால், மழை பெய்யாத இரவிலும் நனைந்தே எழுவார்.

இச்சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே மூச்சுவிடும் துணிகள் தோன்றின. 1969இல் அமெரிக்கரான பொப் கோர், பிரிஎஃப்ஈ எனப்படும் செயற்கைப் பொருளைச் சடுதியாக இழுத்து நீட்டி, எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட மென்படலமொன்றை ஆக்கினார். இதுவே கோர்-டெக்ஸ் என்னும் துணிக்கு அடிப்படை. அதன் துளைகள் நீர்த்துளி புகமுடியாத அளவுக்குச் சிறியவை. நீராவி செல்லக்கூடிய அளவுக்குப் பெரியவை. கேட்பதற்கு இது முழுமையான தீர்வு போலத் தோன்றும். ஆனால், ஆவி தானாக வெளியே செல்வதில்லை. உள்ளே ஆவியின் அழுத்தம் மிக்கும் வெளியே குறைந்தும் இருந்தால் மாத்திரமே அது வெளிநோக்கிச் செல்லும். அல்ப்ஸ் மலையின் குளிர்ந்த வரண்ட காற்றில் இவ்வேறுபாடு பெரிது. மார்கழி மாதத்து வன்னி இரவில் வெளிக்காற்றே இளஞ்சூடானது, ஈரம் நிறைந்தது. அங்கு வேறுபாடு சிறிதாகிவிடுகின்றது. துணியின் வெளிப்புறம் மழையில் ஊறிவிட்டால் ஆவி செல்லும் வழி மேலும் தடைப்படும். குளிர்நாட்டிற் புகழ்பெற்ற துணியொன்று இங்கே பாதி வேலையைத்தான் செய்யும் என்பதற்குக் காரணம் இதுவே, துணியில் குற்றமில்லை.

அவ்வாறாயின், வன்னியிலே தலைமுறை தலைமுறையாக மாரியில் வெளியே உறங்கியவர்கள் என்ன செய்தனர்? காலபோக நெல் குடலை தள்ளும் காலத்தில் பன்றியும், கதிர் முற்றும் காலத்தில் யானையும் வயலை நாடி வரும். ஆகவே மார்கழியிலும் தையிலும் வயற்காவல் தவிர்க்க முடியாதது. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் ஐயாவுடன் காவலுக்குச் சென்ற இரவுகள் இன்றும் எனக்குத் தெளிவாக நினைவிலுள்ளன. பாலை அல்லது வீரை மரத்துக் கப்புகள் நான்கினை நாட்டி, ஆளுயரத்துக்கு மேலே பரண் கட்டப்படும். தளத்துக்குத் தடிகளை விரல் நுழையும் இடைவெளி விட்டு வரிவர். அதன்மேல் வைக்கோல், வைக்கோலின்மேல் பன்பாய். கூரைக்குக் கிடுகு அல்லது இலுக்குப்புல். வாடைக்காற்று வீசும் பக்கத்தில் மாத்திரம் சாக்குகளைத் தொங்கவிட்டு மறைப்பர், எதிர்ப்பக்கம் திறந்தேயிருக்கும். கீழே சட்டியொன்றில் தணல் போட்டுப் பச்சிலை இட்டால், புகை மேலெழுந்து நுளம்பைக் கலைக்கும். போர்த்திக்கொள்வதற்கு ஒரு பழைய சாரம். இவ்வளவுதான் படுக்கை.

இப்போது எண்ணிப் பார்க்கையில், மேற்கூறிய மூன்று வழிகளுக்கும் அப்பரணிலே விடை இருந்தமை புலனாகின்றது. கூரை மழையைத் தடுத்தது. உயர்ந்த தளம் நிலத்தீரத்தை நெருங்கவிடாது தடுத்தது. தடிகளின் இடைவெளியாலும் திறந்த பக்கத்தாலும் காற்று ஓடி, உடலின் ஆவியைக் கொண்டு சென்றது. கூரையோரம் ஒழுகிக் காலடிச் சாரம் நனைந்த இரவுகளும் உண்டு. அப்போது ஐயா, “கீழை காய்ஞ்சு கிடந்தாற் காணும் தம்பி, நித்திரை வரும்” என்பார். அது உண்மையாகவே இருந்தது. மேலே சிறிது நனைந்தவன் உறங்கிவிடலாம். முதுகு நனைந்தவனால் உறங்க முடியாது.

பரண் உயர்ந்திருந்ததற்கு ஈரம் மாத்திரம் காரணமன்று. எட்டடி விரியன் என எமது பகுதியிலே வழங்கும் பாம்பு இரவில் இரைதேடித் திரிவது. அதன் கடிக்கு ஆளாவோரிற் பெரும்பாலோர் வெறுந்தரையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் என்பதை இலங்கை மருத்துவர்களின் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ பெரிதாக இராமையால், கடிபட்டதை அறியாமலே உறக்கத்தைத் தொடர்வோரும் உளர். மழைக்காலத்தில் இவ்வகைக் கடிகள் கூடுகின்றன. தரைமட்டத்திலே விரித்த உறக்கப்பையின் இளஞ்சூடு எவற்றையெல்லாம் அழைக்கும் என்பதை விற்பனைப் பட்டியல்கள் சொல்வதில்லை. சங்க இலக்கியத்தில் தினைப்புனங் காப்போர் இருந்த இதணமும் இத்தகைய உயர்ந்த பரணே. முல்லைப்பாட்டிலே கார்காலத்துக் காட்டினுள் அமைந்த பாசறையொன்றை விரிவாகக் காண்கின்றோம். மழைக்காலத்தில் வெளியே தங்குதல் பற்றிய அறிவு தமிழருக்குப் புதியதன்று. அது நூல்களிலும் உண்டு, வயல்களிலும் உண்டு.

மற்றுமொரு படுக்கையையும் இங்கே குறிப்பிடவேண்டும். 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்து குடியேறின. எங்கள் அயலில் வந்திருந்த ஒரு குடும்பத்து ஆச்சியிடம் கறுப்புக் கம்பளியொன்று இருந்தது. தோட்டத்துக் கொழுந்துமலையில் மழைக்குத் தலையோடு போர்த்த அதே கம்பளி, இங்கே குடிசை ஒழுகும் இரவுகளிற் பேரப்பிள்ளைகளுக்குப் போர்வையாயிற்று. அது நீர் புகாத துணியன்று. ஆனால், ஆட்டுமயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னரும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. சூட்டையும் முற்றாக இழந்துவிடாது. நனைந்தாலும் பயன்படுவதே மாரிக்குரிய படுக்கை என்பதை அந்தக் கம்பளியிடமிருந்தே முதலில் அறிந்தேன். அதன் குறை பாரமும், காய்வதற்கு எடுக்கும் நாட்களுமே. வாத்திறகு இதற்கு நேர்மாறானது. உலர்ந்திருக்கும்போது அதற்கு இணையான இலேசும் சூடும் வேறெதற்கும் இல்லை. நனைந்துவிட்டாலோ இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, இடையிலே காற்றுத் தங்காமல், பை வெறுந்துணியாகிவிடும். வெயில் காணாத மார்கழியில் அதனை உலர்த்துவதற்கு வழியில்லை.

இதுவரை கூறியவை விரும்பி வெளியே உறங்கியவர்களையும் தொழிலுக்காக உறங்கியவர்களையும் பற்றியவை. வன்னியிலே மாரியும் உறக்கமும் என்று பேசத் தொடங்கிய ஒருவர், 2008ஆம் ஆண்டின் மாரியைக் கூறாமற் கடந்து செல்ல முடியாது. அவ்வாண்டிற் போர் காரணமாக மன்னாரிலிருந்தும் மேற்கு வன்னியிலிருந்தும் பெயர்ந்த மக்கள், கிழக்கு நோக்கி நகர்ந்து, தருமபுரம், விசுவமடு போன்ற இடங்களில் மரங்களின் கீழும் தென்னந்தோப்புகளிலும் தங்கியிருந்தனர். நவம்பர் மாதத்தின் இறுதிக் கிழமையில் ‘நிஷா’ புயல் வடபகுதியைத் தாக்கியது. பல நாட்கள் தொடர்ந்து பெய்த மழையில் கொட்டில்கள் வெள்ளத்துள் அமிழ்ந்தன. பதுங்குகுழிகளும் நீரால் நிறைந்தன.

என் அக்காவின் குடும்பமும் அவர்களுள் இருந்தது. அவர்களிடம் இருந்தது ஒரேயொரு தறப்பாள். ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் வழங்கும் தறப்பாள் 4 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் கொண்டது. அக்காவிடம் இருந்தது கடையில் வாங்கிய, அதனினும் சிறியதொன்று. அதனை மேலே கட்டுவதா, கீழே விரிப்பதா என்பதே அன்றிரவு அவர்கள்முன் நின்ற கேள்வி. மேலே கட்டினால் நிலம் நனையும். கீழே விரித்தால் வானம் திறந்திருக்கும். பாதியாக மடித்து இரண்டுக்கும் பயன்படுத்தினால், ஆறு பேருக்கு இடம் போதாது. இறுதியில் மேலே கட்டினர். நிலத்தில் சாக்குகளுக்குள் மண் நிரப்பி அடுக்கி, அதன்மேல் தென்னோலைகளைப் பரப்பிச் சிறியதொரு திட்டு உண்டாக்கினர். திட்டைச் சுற்றி மண்வெட்டியாற் கான் வெட்டி நீரைத் திருப்பினர். கைக்குழந்தையைத் திட்டின் நடுவிலே கிடத்திப் பெரியவர்கள் சுற்றி இருந்தனர். “இருந்தபடியே கண்ணயர்ந்தம்” என்று பின்னாளில் அக்கா சொன்னபோது, அவர் அதனைத் துயரமாகக் கூறவில்லை. அன்று பிள்ளை நனையவில்லை என்பதையே பெருமையுடன் கூறினார்.

2009இற் போர் முடிந்தபின் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் வைக்கப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திற் பெய்த எதிர்பாராத மழையில் அங்கே கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கூடாரம் இருந்தது, கூரை ஒழுகாதிருந்த இடங்களும் உண்டு. ஆனால், நிலத்தைத் தெரிவு செய்யும் உரிமை அங்கிருந்தோருக்கு இருக்கவில்லை. நீர் ஓடும் தாழ்வான இடத்திலே எத்தகைய நீர்காப்புத் துணியும் பயனற்றது. அம்முகாம் 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் மூடப்பட்டது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. மாரியில் உலர்ந்து உறங்குவதற்குரிய தெரிவுகளுள் உறக்கப்பை இறுதியானது. முதலில் இடத்தைத் தெரிய வேண்டும்; அடுத்துக் கூரையை; அதன்பின் தளத்தை. இம்மூன்றும் சரியாக அமைந்தால் எளிய பையே போதும். இம்மூன்றும் பிழைத்தால் விலையுயர்ந்த பையும் காப்பாற்றாது. மாணவருக்கு நான் கூறிய நடைமுறை விடயங்களைப் பிறருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தருகின்றேன்.

இடம் குளத்தின் அலைகரைக்கு அண்மையிலோ, வான் பாயும் வழியிலோ, காய்ந்துகிடக்கும் அருவியின் படுக்கையிலோ இருத்தல் ஆகாது. பகலிற் காய்ந்திருந்த அருவி நள்ளிரவில் ஆறாகலாம். யானைத்தடம் எது என்பதை ஊரவரிடம் கேட்டறிய வேண்டும். மிதிவெடிகள் இருந்த பகுதிகளைப் பற்றியும் அவர்களிடமே கேட்க வேண்டும். அகற்றப்பட்டுவிட்டது என்று தாமாகவே எண்ணிக்கொண்டு எவரும் பற்றைக்காட்டினுள் நுழைதல் கூடாது. காட்டுப்பகுதியாயின் உரிய திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

கூரைக்குத் தறப்பாள் வேண்டும். கூடாரம் இருப்பினும் அதன்மேல் ஒன்றைத் தனியாகக் கட்டுதல் நலம். காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்தியும் எதிர்ப்பக்கத்தை உயர்த்தியும் கட்டினால், சாரல் உள்ளே வராது, ஆவியும் தங்காது. தளத்துக்கு மடிகட்டிலோ தூங்குமஞ்சமோ சிறந்தது. இரண்டும் இல்லையாயின், தடிகளும் ஓலைகளும் கொண்டு ஒரு சாண் உயரமாவது எழுப்ப வேண்டும். நிலவிரிப்பு பையின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருத்தலாகாது. நீட்டிய ஓரத்திலே விழும் மழைநீர் வழிந்து வந்து முதுகின் கீழேயே தேங்கும்.

நீர்காப்புத் துணிகளின் தரம், அவை தாங்கும் நீர்நிரலின் உயரத்தாற் குறிக்கப்படும். 1,500 மில்லிமீற்றர் என்றிருப்பின் கூரைத்துணிக்குப் போதுமானது. உடற்பாரம் அழுத்தும் விரிப்புக்கு அதனிலும் இரு மடங்கோ கூடவோ வேண்டும். இலக்கத்தைப் பார்ப்பதுடன் தையலையும் பார்க்க வேண்டும். ஊசி ஏறிய ஒவ்வொரு துளையும் நீர் புகும் வாயிலாகும். தையலின் உட்புறத்தில் நாடா ஒட்டப்படாத பை எந்த இலக்கத்தைத் தாங்கியிருந்தாலும் ஒழுகும். வாங்குமுன் வெளித்துணியிலே ஒரு குழிவு செய்து, ஒரு கோப்பை நீரூற்றிக் கால் மணிநேரம் பொறுத்திருந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பையைப் பொறுத்தவரை, மூன்றனுள் இரண்டாவதான செயற்கை நார்ப்பையையே நான் பரிந்துரைத்தேன். அது நனைந்தாலும் முற்றாகப் பயனற்றுப் போகாது. பிழிந்து காற்றிலே தொங்கவிட்டால் விரைவில் உலரும். கோடைக்குரிய மெல்லிய வகையே வன்னிக்குப் போதும். உறைகுளிருக்கென்று செய்த தடித்த பை வியர்வையையே விளைவிக்கும். பிணத்தைச் சுற்றியது போல் உடலை ஒட்டிய வடிவத்தை விட்டு, நீள்சதுரமான, கால்வரை ‘சிப்’ திறக்கக்கூடியதைத் தெரிதல் வேண்டும். வெக்கையான இரவில் அதனை விரித்துப் போர்வையாகக் கொள்ளலாம். அதனினும் முக்கியமானது, ஆபத்து நேரத்தில் உடனே எழக்கூடியதாயிருத்தல். பாம்போ யானையோ வெள்ளமோ வந்தால், பைக்குள்ளே கிடந்து ‘சிப்’பைத் தேடுபவன் பிழைப்பது அரிது. படுத்த இடத்திலிருந்து ஒரு கணத்தில் எழுந்து விலகுவது வன்னியில் வாழ்ந்தோர் பல வழிகளாலும் கற்றுக்கொண்ட பாடம்.

நீர் புகாத துணிக்கு மிகச் சிறந்த பயன் இரவிலன்று, பகலில் உண்டு. உறக்கப்பையையும், உறங்குவதற்கென்றே ஒதுக்கிய ஒரு சோடி உலர்ந்த உடையையும், பகல் முழுவதும் நனையாமற் கட்டி வைப்பதே அது. இதற்கென விற்கும் பைகள் உள்ளன. உட்பொலித்தீனுடன் கூடிய உரப்பையொன்றை நன்கு கழுவி, வாயை முறுக்கி மடித்துக் கட்டினாலும் அதே பயன் கிடைக்கும். இறுதியாக நுளம்புவலை. ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன நிலம் இது. இலங்கை மலேரியா அற்ற நாடு என 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது. ஆயினும் டெங்கு இருக்கின்றது, நுளம்பும் இருக்கின்றது. பையை முகம்வரை இழுத்து மூடி நுளம்பைத் தடுக்க முயல்பவர், தம் மூச்சின் ஈரத்தைத் தாமே பைக்குள் அடைப்பவராவார்.

உறக்கப்பை தனியொருவனுக்கென்று செய்யப்பட்டது. வன்னியின் பாயும் கம்பளியும் தறப்பாளும் பலர் பகிர்ந்துகொள்ளும் பொருட்கள். தனியொருவன் தன் உடலைச் சுற்றி நீர் புகாத வேலியொன்றை எழுப்பிக்கொள்வதற்கும், ஒரு குடும்பம் ஒரு கூரையின் கீழ் உலர்ந்த திட்டொன்றை உண்டாக்கிக் குழந்தையை நடுவிலே கிடத்துவதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவதற்குப் பணம் போதும். இரண்டாவதற்கு நிலத்தை அறிதலும், நீரின் போக்கை அறிதலும், பக்கத்திலிருப்பவனை எண்ணுதலும் வேண்டும். களஆய்வுக்குச் செல்லும் மாணவர் ஏடும் அளவுகோலும் எடுத்துச் செல்வதுடன், அவ்வூர் முதியவர் ஒருவரிடம், “மாரியில நீங்கள் எங்கை படுக்கிறனீங்கள்?” என்று ஒருமுறை கேட்டறிதலும் நன்று. நூலிற் கிடைக்காத நீரியல் அறிவு அந்த விடையிலே கிடைக்கக்கூடும்.

மூன்று பைகளுள் எதை வாங்குவது என்று கலந்துரையாட முடிவதே ஒரு பேறு. இதே மண்ணில், இதே மழையில், எதையும் தெரிவு செய்ய இயலாது இரவுகளைக் கழித்த பல இலட்சம் பேரிற் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் பலர் இன்று கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழக மாணவர்களாய் இருக்கின்றனர். அவர்கள் ஆய்வுக்காகவும் மகிழ்வுக்காகவும் தாமே விரும்பி மாரியில் வெளியே தங்கச் செல்வது எனக்கு நிறைவளிக்கின்றது. மழையை அஞ்சி ஓடவேண்டிய ஒன்றாக மாத்திரம் அறிந்த ஒரு தலைமுறைக்குப் பின், அதனை இருந்து கேட்கக்கூடிய ஒரு தலைமுறை வருதல் நல்லது. உலர்ந்த முதுகுடன் படுத்து, தறப்பாளின்மேல் விழும் மழையைக் கேட்டவாறே அவர்கள் கண்ணயர்வார்களாக.